வெயிட் மெஷினைப் பூட்டி வையுங்கள்!

2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக். காலையில் எடை பார்த்தபோது மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோவுக்குள் இருந்தார். அன்றைக்கே மூன்று பேரைச் சாய்த்தார். முதல் ஆள், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்றே இராத ஜப்பானின் யுய் சுசாகி. அரையிறுதி முடிந்து மறுபடி மெஷினில் ஏறினால் வரம்பைவிட 2.7 கிலோ கூடுதல். ஆட்டங்களுக்கு நடுவே உள்ளே போன தண்ணீரும் சாப்பாடும்தான் காரணம். இரவு முழுக்க ஓட்டமும் நீராவி அறையுமாகக் கழிந்தது. முடியை வெட்டினார்கள். உடுப்பை நறுக்கினார்கள். விடிந்தபோது மிச்சம் இருந்தது 100 கிராம்.

100 கிராமுக்காகவா தகுதிநீக்கம் செய்து பதக்கத்தைப் பறிப்பது என்று நாடே கொதித்தது. 2022 காமன்வெல்த் போட்டியில் 53 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ஒரு பெண், 50 கிலோவுக்குள் தன்னை எப்படி நுழைத்துக்கொண்டார் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை. அதே வாரம் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற 21 வயது அமன் ஷெராவத், ஆட்டத்துக்கு முன் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்தார் என்ற செய்தி வந்தது. வினேஷுக்காகக் கண்ணீர் விட்ட அதே ஊடகங்கள் இதைச் சாதனை என்று கொண்டாடின. அடுத்த ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப்பில் அமன் எடை கூடிப்போய், ஆடாமலேயே வெளியேற்றப்பட்டார். சாதனைக்கும் சறுக்கலுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஓரிரண்டு கிலோ தண்ணீர்.

வினேஷுக்கு அப்போது 29 வயது. கூடவே மருத்துவர், உணவு நிபுணர், பிசியோ என்று ஒரு படையே இருந்தது. இவர்களில் ஒருவரும் இல்லாமல் இதே வேலையை 14, 15 வயதுப் பிள்ளைகள் மாவட்டப் போட்டிகளில் செய்கிறார்கள். குத்துச்சண்டை, ஜூடோ, டேக்வாண்டோ, ஜூனியர் கபடி என்று எடைக் கணக்கு உள்ள எந்த ஆட்டமானாலும் சரி, எடை பார்க்கும் வரிசையில் முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத ஒரு பையனையாவது பார்க்கலாம். வெயிலில் ஜெர்கின் மேல் ஜெர்கின் போட்டு மைதானத்தைச் சுற்றுவான். எச்சிலைக்கூட விழுங்காமல் துப்புவான். ‘வெயிட் கட்’ என்று இதற்குப் பெயர். சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கற்றுக்கொடுப்பது.

இப்படி ஒரே நாளில் குறைவது கொழுப்பு அல்ல, தண்ணீர். ரத்தத்தில் நீர் குறைந்தால் அதை உடம்பெங்கும் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். வியர்வை வற்றினால் உடலின் சூடு வெளியேற வழியில்லை. சிறுநீரகம் திணறும். 1997 நவம்பர், டிசம்பரில், ஐந்தே வாரத்துக்குள் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி இறந்துபோனார்கள். மூன்று பேரும் வெவ்வேறு பல்கலைக்கழகங்கள். மூவருமே காற்றுப் புகாத உடைக்குள், சூடான அறையில், எடையைக் குறைக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள்.

அதன் பிறகு அங்கே விதிகள் மாறின. ரப்பர் உடையும் நீராவி அறையும் தடைசெய்யப்பட்டன. சீசன் தொடங்கும்போதே சிறுநீரைச் சோதித்து, உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, கொழுப்பளவை அளந்து, இதற்குக் கீழே நீ இறங்கக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்கிறார்கள். பள்ளிகளில் பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் கொழுப்பு என்பது அடித்தளம். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்க அனுமதி இல்லை. நம்மூரில் மெஷினில் ஏறும் பையனிடம் பார்க்கப்படுவது ஒன்றுதான்: வரம்பைத் தாண்டிவிட்டானா, இல்லையா? எப்படி அந்த எடைக்கு வந்து சேர்ந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

எலும்பு முறிந்த ஓட்டக்காரி

எடைப் பிரிவே இல்லாத விளையாட்டுகளில் ஆபத்து இன்னும் மெதுவாக வருகிறது. அதனாலேயே கண்ணில் படுவதில்லை.

மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண் 2013இல், 17 வயதில், மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியின் 1,500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடினார். அந்த நாட்டின் உலகப் போட்டி அணியில் அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன் யாரும் இடம்பிடித்ததில்லை. அதே ஆண்டு ஆல்பெர்ட்டோ சலசார் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம், நைக்கி நிறுவனத்தின் ஒரேகான் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். பிறகு ஆளே காணாமல் போனார். 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட காணொலியில்தான் காரணத்தைச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட எடைக்கு வர வேண்டும் என்ற நெருக்கடி. சக ஓட்டக்காரர்கள் முன்னால் எடை பார்த்து அவமானம். மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோனது. ஐந்து எலும்புகள் முறிந்தன. தற்கொலை எண்ணம்வரை போனார். சலசார் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஊக்கமருந்து விதிமீறலுக்காக ஏற்கெனவே அவருக்கு நான்காண்டுத் தடை விழுந்திருந்தது. நைக்கி அந்தத் திட்டத்தையே மூடியது. கெய்ன் தொடுத்த வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது.

கெய்ன் பிழைத்தார். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிக் பிழைக்கவில்லை. 1988இல் ஒரு நடுவர் அவரிடம், நீ குண்டாக இருக்கிறாய், குறைத்தால்தான் ஒலிம்பிக் அணி என்று சொன்னதாக அவருடைய குடும்பம் பின்னாளில் தெரிவித்தது. அடுத்த ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப்பில் ஏற்றத்தாழ்வுக் கம்பிகளில் நான்காம் இடம் பிடித்தார். ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டிருந்தார். 1994 ஜூலையில், 22 வயதில், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தார். கடைசியில் அவர் எடை எவ்வளவு என்பதும், கெய்னுக்கு விதிக்கப்பட்ட எண் எது என்பதும் பல இடங்களில் அச்சாகியிருக்கின்றன. இங்கே அவற்றைப் போடப்போவதில்லை. அந்த எண்ணைப் படித்து அதையே இலக்காக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் இதை ஓயாமல் எச்சரிக்கிறார்கள்.

2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயதில் அணித் தங்கம் வென்ற ரஷ்யாவின் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை யூலியா லிப்னிட்ஸ்காயா, பசியின்மை நோய்க்குச் சிகிச்சை பெற்று, 19 வயதில் ஓய்வை அறிவித்தார். பெரும்பாலானவர்கள் வேலைக்கே போயிராத வயது.

மிச்சம் எவ்வளவு?

இவர்களுக்கெல்லாம் பொதுவாக நடந்தது என்ன என்பதை விளையாட்டு மருத்துவம் இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்கிறது. 1990களில் இதைப் பெண்களின் சிக்கலாக மட்டும் பார்த்தார்கள்: சாப்பாட்டுக் குறைவு, மாதவிடாய் நிற்பது, எலும்பு பலவீனம் என்று மூன்றும் சேர்ந்த தொகுப்பு. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை இன்னும் அகலமாக்கியது. ஆண்களுக்கும் வரும், எலும்போடு நிற்காமல் இதயம், குடல், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாவற்றையும் தொடும் என்று சொல்லி, ‘ரெட்-எஸ்’ என்று பெயரிட்டது. விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

கணக்கு எளிது. சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் எரிந்த கலோரியைக் கழித்தால் வருவதுதான் உடம்பு தன்னை நடத்திக்கொள்ள மிஞ்சும் காசு. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கொழுப்பு நீங்கலாக அவள் உடல் 40 கிலோ. அதில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 45 கலோரி மிஞ்சினால் நல்லது; அதாவது 1,800. பயிற்சியில் 600 எரிக்கிறாள் என்றால் 2,400 கலோரி சாப்பிட வேண்டும். அவள் 1,700 சாப்பிட்டால் மிச்சம் 1,100, கிலோவுக்கு 27.5. அமெரிக்க ஆய்வாளர் ஆன் லவுக்ஸ் செய்த பரிசோதனைகளில், இது 30க்குக் கீழே போனதும் ஐந்தே நாளில் மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் துடிப்புகள் குழம்பத் தொடங்கின. 30 என்பது எல்லோருக்கும் ஒரேபோலப் பொருந்தும் கோடு அல்ல என்று இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் திசை மாறவில்லை.

வருமானம் குறைந்த வீட்டில் கேபிளும் பேப்பரும் முதலில் நிற்கும்; அரிசியும் வாடகையும் கடைசிவரை ஓடும். உடம்பும் இதயத்தையும் மூளையையும் நடத்த மற்றதை வெட்டுகிறது. முதலில் வெட்டுப்படுவது இனப்பெருக்கம். ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு தன் கட்டுமானத்தை நிறுத்துகிறது. வாழ்நாள் முழுக்க நாம் வைத்திருக்கப்போகும் எலும்பின் பெரும்பகுதி 18, 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். 15 வயதில் தவறவிட்டதை 30 வயதில் கால்சியம் மாத்திரை போட்டு முழுதாக ஈடுகட்ட முடியாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஆற்றல் பற்றாக்குறை உள்ளவர் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்வதால் எடை அப்படியே நிற்கலாம். அதனால்தான் வெயிட் மெஷின் இந்த நோயைக் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பது வேறு சில விஷயங்கள்: மூன்று மாதமாக வராத பீரியட்ஸ், 15 வயதாகியும் பூப்படையாதது, மறுபடி மறுபடி வரும் முழங்கால்கீழ் எலும்பு வலி, ஓயாத ஜலதோஷம், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, காரணமில்லாமல் ஓட்ட நேரம் மோசமாவது.

பீரியட்ஸ் விஷயத்தில் மைதானங்களில் ஒரு பழைய நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றாக பிராக்டீஸ் செய்தால் தள்ளித்தான் போகும், தொல்லை விட்டது என்று அக்காக்கள் தங்கைகளுக்குச் சொல்கிறார்கள். மாற்ற இடமில்லாத மைதானத்திலும், கதவு பூட்டாத கழிப்பறையிலும் சமாளித்த பெண்ணுக்கு அது நிம்மதியாகக்கூட இருக்கும். பயிற்சியாளர் ஆணாக இருந்தால் பேச்சே எழாது. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டிய அறிகுறி, சௌகரியக் கணக்கில் எழுதப்படுகிறது.

பசியோடு வருகிறவர்கள்

கெய்னுக்கும் ஹென்ரிக்குக்கும் முன்னால் சாப்பாடு இருந்தது. சாப்பிடாதே என்று ஒரு குரலும் இருந்தது. நம்மூர் மைதானங்களில் பாதிப் பிரச்சினை, தட்டிலேயே போதுமானது இல்லாதது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை என்ற கனவோடு ஓட வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் கூலி வீடுகளிலிருந்து வருகிறார்கள். மதுரை சக்கிமங்கலத்தில், பெற்றோரை இழந்து பாட்டியின் கூலியில் வளர்ந்து, வெறுங்காலோடு ஓடிப் பழகிய ரேவதி வீரமணி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். அப்படிப் போக முடியாதவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையன்களில் 31.1 சதவீதம். ரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்குப் போதுமான ஆக்சிஜன் போய்ச் சேராது. 800 மீட்டரில் கடைசி நூறில் விழுந்துவிடும் பெண்ணை ‘மனதைரியம் போதவில்லை’ என்று திட்டுவதற்கு முன்னால் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொடுப்பார்கள்.

தட்டில் உள்ள குறையைவிட நேரம் பெரிய எதிரி. விடிகாலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் கிரவுண்ட். ஏழரைக்கு முடித்துப் பஸ் பிடித்து ஓட்டம். நின்றபடி இரண்டு இட்லி, அல்லது அதுவும் இல்லை. மதியம் சோறு. நாலரைக்கு மறுபடி பயிற்சி, நடுவில் ஒரு டீ. வீடு திரும்பும்போது எட்டு மணி, களைப்பில் பசி செத்திருக்கும். நாள் முழுக்கக் கூட்டினால் 1,500 கலோரி தேறுமா என்பது சந்தேகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020 பரிந்துரை, சாதாரண உழைப்புள்ள 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 2,500, பையனுக்கு 3,320 கலோரி.

இதற்கு மருந்து விலை உயர்ந்த டப்பாவில் இல்லை. ஓடுவதற்கு அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சை. ஓடி முடித்ததும் மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழ்; நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. மாலைப் பயிற்சிக்கு முன் கடலை மிட்டாய், பின் சுண்டல், அவித்த முட்டை. வேர்க்கடலையில் நூற்றுக்கு 25 கிராம் அளவில் புரதம். நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரை, எலுமிச்சை பிழிந்த எதுவும் நல்லது. எலுமிச்சையும் நெல்லியும் கீரையில் உள்ள இரும்பை உடம்பு பிடித்துக்கொள்ள உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ அதற்கு நேரெதிர், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. அரிசிச் சோறு கெடுதல் என்று யாராவது ஒரு கபடிப் பையனிடம் சொன்னால் நம்ப வேண்டாம். மேஜைமுன் உட்கார்ந்து வேலை செய்யும் நாற்பது வயதுக்காரருக்குச் சொன்ன அறிவுரை அது.

தோளும் டப்பாவும்

பையன்களின் சிக்கல் எதிர்த் திசையில் ஓடுகிறது. மெலிய வேண்டுமென்று அல்ல, புடைக்க வேண்டுமென்று. எவ்வளவு தசை ஏறினாலும் தான் நோஞ்சானாகவே தெரிவதாக நம்பும் நிலையை 1990களில் ஹார்வர்டைச் சேர்ந்த ஹாரிசன் போப் குழுவினர் ஒரு தனிக் கோளாறாக வரையறுத்தார்கள். ஆண் பொம்மைகளின் கைத்தசை தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் பெருத்துவந்தது என்று அளந்தே காட்டியது அந்தக் குழு. இப்போது பொம்மை தேவையில்லை, போன் இருக்கிறது.

போனில் சிக்ஸ்-பேக் பார்க்கும் பையன் அடுத்துப் போய் நிற்பது புரோட்டீன் பவுடர் கடையில். 2024இல் கேரள மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்தியச் சந்தையில் வாங்கிய 36 புரோட்டீன் பொருட்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தின் லேபிளில் எழுதியிருந்த புரத அளவு தவறு. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சு. நச்சோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. சோதிக்கப்படாத டப்பாவில் தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், தெரியாமல் குடித்தேன் என்ற பதிலை ஊக்கமருந்துத் தீர்ப்பாயம் லேசில் ஏற்காது. 2023இல் ஆண்டுக்கு 5,000 மாதிரிகளுக்கு மேல் சோதிக்கும் நாடுகளில் அதிக விகிதத்தில், 3.8 சதவீதம், பிடிபட்டது இந்தியாதான்.

பெண்களுக்கோ இரண்டு பக்கமும் அடி. கிரவுண்டில் ‘வெயிட் போட்டுட்ட’ என்பார்கள். வீட்டில் ‘கறுத்துப்போயிட்ட, ஆம்பள மாதிரி தோள் வந்திருச்சு, யாரு கட்டிக்குவா’ என்பார்கள். பூப்படையும் வயதில் இடுப்பும் தொடையும் அகல்வது இயற்கை. ஓரிரு ஆண்டுகள் ஓட்ட நேரம் தேங்கி நிற்பதும் சகஜம். பொறுமையுள்ள பயிற்சியாளர் அதைக் கடந்துபோக விடுகிறார். பொறுமையற்றவர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். 2016இல் ரியோ ஒலிம்பிக் பாட்மின்டனில் வெள்ளி வென்ற பி.வி.சிந்துவுக்கு, பயிற்சியாளர் கோபிசந்த் இனி ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று அனுமதி கொடுத்ததை நாம் எவ்வளவு ரசித்தோம்! 21 வயது உலகத் தர வீராங்கனைக்குச் சில நாள் கட்டுப்பாடு என்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த 13 வயதுச் சிறுமி அதிலிருந்து எடுத்துக்கொண்டது, பதக்கம் வேண்டுமென்றால் சாப்பாட்டைத் துற என்பதைத்தான்.

விதியை மாற்றிப் பார்த்தவர்கள்

பிள்ளைகளிடம் ‘உன் உடம்பை நேசி’ என்று போதிப்பதைவிட, மெலிந்தால் லாபம் என்ற விதியை உடைப்பது அதிகம் பலிக்கிறது. பனிச்சறுக்குத் தாண்டலில் எடை குறைந்தவர் அதிக தூரம் பறப்பார். ஆகவே பட்டினி கிடந்தார்கள். 2004இல் சர்வதேச அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது: உயரத்துக்கேற்ற எடை குறைந்தால் பலகையின் நீளமும் குறைக்கப்படும். பலகை சிறுத்தால் பறப்பும் குறையும். பட்டினிக்கு இருந்த கவர்ச்சி அதோடு கணிசமாகச் சுருங்கியது. சுவரேறும் விளையாட்டில் ஸ்லோவேனியாவின் ஒலிம்பிக் சாம்பியன் யான்யா கார்ன்ப்ரெட் 2023இல் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பிய பிறகு, சர்வதேச அமைப்பு ஆற்றல் பற்றாக்குறைக்கான மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 2022இல் வெளிவந்த வைட் அறிக்கை, ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களில் சிறுமிகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்த கொடுமைகளைப் பதிவு செய்தது. அதன் பிறகு சின்னக் குழந்தைகளை எடை பார்க்கவே அங்கே தடை. வளர்ந்தவர்களுக்கும் சம்மதத்தோடு, தகுந்த காரணத்துக்காக மட்டும்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சீனியர் வயது 15இலிருந்து 17 ஆனது. ஜிம்னாஸ்டிக்ஸில் 16 என்ற வரம்பு 1997லிருந்தே உண்டு. 1976இல் நாடியா கொமனேச்சி 14 வயதில் வென்ற ஆல்ரவுண்ட் தங்கத்தை 2024 பாரிஸில் சிமோன் பைல்ஸ் 27 வயதில் வென்றார். 1952க்குப் பிறகு அந்தப் பட்டத்தை வென்றவர்களில் மூத்தவர் அவர்தான். அதே பாரிஸில் ரக்பி வெண்கலம் வென்ற அமெரிக்காவின் இலோனா மாஹெர், பி.எம்.ஐ. அட்டவணைப்படி அதிக எடைக்காரர். ஆடுகளத்தில் அவரைப் பிடித்து நிறுத்த முயன்றவர்களுக்கு அந்த அட்டவணை உதவவில்லை.

இங்கே செய்யக்கூடியவை சின்ன வேலைகள்தாம். வெயிட் மெஷினைப் பயிற்சியாளர் அறையிலிருந்து எடுத்து மருத்துவர் அறையில் வைக்கலாம். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் ரத்தப் பரிசோதனை செய்யலாம். பெண்கள் அணியோடு மாதவிடாய் பற்றிப் பேசத் தெரிந்த ஒரு பெண்ணை அனுப்பலாம்.

சோறு மட்டும் சின்ன வேலை அல்ல. தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. முட்டையோடு கூடிய சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் குழு சொல்லும் அந்த 3,320 கலோரி தேவைப்படுவது பிளஸ் ஒன், பிளஸ் டூவில். விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளை மாலைப் பயிற்சிக்கு வரும்போது வயிற்றில் என்ன இருக்கிறது என்பது அவன் வீட்டைப் பொறுத்தது. சில ஊர்களில் பி.டி. வாத்தியாரின் சட்டைப்பையைப் பொறுத்தது. சம்பள நாளில் வாழைத்தாரும் முட்டை அட்டையும் வாங்கி வருகிற ஆசிரியர்கள் உண்டு. மாதக் கடைசியில் அது பொரிகடலையாகிவிடும்.